உயிர் ஓர் அமானிதம்: இறுதி நாட்களில் நாம் எடுக்கும் முடிவுகள்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் நமக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர். நம் மதரஸாவில் ஓதியவர். அவருடைய அத்தா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வெண்டிலேட்டரில் இருந்தார். "ஹஜ்ரத், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்கிறார். மெஷினை எடுத்துவிடலாமா? மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார். நாம் சற்றும் யோசிக்கவில்லை. "தம்பி, அது கூடாது. உயிரை எடுக்கும் உரிமை அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. மூச்சு இருக்கும் வரை விடாதீர்கள்" என்று கூறி முடித்தோம். மார்க்கத்தைக் காத்துவிட்டோம் என்னும் நிறைவோடு அன்று உறங்கினோம்.

அதன்பின் பத்தொன்பது நாட்கள் அந்தப் பெரியவர் அவ்வாறே இருந்தார். அவருடைய மகள்களின் நகைகள் அடகுக்குச் சென்றன. ஒரு நாள் அதிகாலையில், கண்ணாடிக் கதவுக்கு அப்பால், குடும்பத்தார் ஒருவரும் அருகில் இல்லாத வேளையில் அவர் மௌத்தானார். ஜனாஸா நல்லடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து ஆறுதல் கூறச் சென்றபோது, இத்தாவில் இருந்த அவருடைய மனைவி திரைக்கு அப்பாலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "ஹஜ்ரத், அவங்க காதுல கலிமா சொல்ல ஒருத்தரும் இல்லாமப் போச்சே."

நமக்குப் பதில் வரவில்லை. பின்னர் நம் உஸ்தாதிடம் இதனைக் கூறி வருந்தினோம். அவர்கள் நிதானமாக நம்மிடம் கேட்டார்கள்: "கேட்டவனின் கேள்வியை முழுமையாகக் கேட்டாயா? எந்த நோய், எந்த நிலை, மருத்துவர் சொன்னது என்ன, நோயாளி முன்பு என்ன விரும்பினார் என்று ஒரு வார்த்தையாவது விசாரித்தாயா?" நாம் விசாரிக்கவில்லை. ஹராம் என்று சொல்வது பேணுதல் என்று எண்ணிவிட்டோம். ஆனால் ஆகுமான ஒன்றை ஆகாது என்று கூறுவதும் அல்லாஹ்வின் மார்க்கத்தில் நம் கையை நீட்டுவதே என்பதை அன்று உணர்ந்தோம். இக்கட்டுரை அந்த உணர்விலிருந்து எழுதப்படுகிறது.

இரண்டு கேள்விகளை ஒன்றாக்க வேண்டாம்

இன்று உலகெங்கும் 'கண்ணியமாக இறக்கும் உரிமை' என்னும் பேச்சு வலுத்து வருகிறது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002ஆம் ஆண்டு முதல், நோயாளி வேண்டிக்கொண்டால் மருத்துவரே அவர் உயிரை முடித்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது. கனடாவில் இது 2016இல் நடைமுறைக்கு வந்தது. மரணத்தை நெருங்கியவர்களுக்கு என்று தொடங்கிய அச்சட்டம், 2021இல் மரணம் அண்மையில் இல்லாத நோயாளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நம் நாட்டில் நிலைமை வேறு. ஊசி போட்டு உயிரை முடிப்பது இங்கே இன்றும் குற்றமே. ஆனால் பயன் தராத சிகிச்சையை நிறுத்திக்கொள்வதற்கு உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று வழங்கிய தீர்ப்பின் மூலம் வழி ஏற்படுத்தியுள்ளது.

செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் 'கருணைக்கொலை' என்னும் ஒரே சொல்லால் அழைக்கின்றன. நம் மக்களும் அவ்வாறே புரிந்துகொள்கிறார்கள். அன்று நாமும் அவ்வாறே புரிந்துகொண்டோம். உண்மையில் இவை இரண்டு கேள்விகள். உயிரை முடிக்கலாமா என்பது ஒன்று. முடிந்துகொண்டிருக்கும் உயிரைக் கருவிகளால் இழுத்து வைத்தே தீர வேண்டுமா என்பது மற்றொன்று.

உயிரை முடிப்பது கூடாது

முதல் கேள்விக்கு மார்க்கத்தின் பதில் தெளிவானது. உயிர் நமக்குச் சொந்தமான பொருளன்று. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள் என்னும் தடை சூரத்துந் நிஸாவில் நேரடியாகவே வந்துள்ளது. காயத்தின் வேதனை தாளாமல் தன் கையை அறுத்துக்கொண்டு இறந்துபோன முற்கால மனிதர் ஒருவரைப் பற்றி, அவர் தம் முடிவில் அவசரப்பட்டுவிட்டதாக அல்லாஹ் கூறியதை நபி (ஸல்) அவர்கள் எச்சரிக்கையாக எடுத்துரைத்தார்கள். நோயாளியே கேட்டுக்கொண்டாலும், வேறொருவர் இரக்கத்தால் செய்தாலும், மருத்துவரே செய்தாலும் இந்தச் சட்டம் மாறாது. நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களும், நம் காலத்து ஃபிக்ஹு அவைகளும் இதில் ஒரே குரலில் பேசுகின்றனர்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். "வேதனையில் துடிப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கருணையா?" என்று கேட்கிறார்கள். இது கல்நெஞ்சக்காரர்களின் கேள்வியன்று. ஆனால் வேதனையில் இருப்பவர் மரணத்தைக் கேட்கும்போது, அவர் உண்மையில் கேட்பது என்ன? நம் அனுபவத்தில், நோயுற்ற பெரியவர்கள் "அல்லாஹ் என்னை எடுத்துக்கொள்ளக் கூடாதா" என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அருகில் அமர்ந்து பேசிப் பார்த்தால், வலி ஒருபுறம் இருக்கும். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோமே என்னும் கூச்சம் அதைவிடப் பெரிதாக இருக்கும். பாரம் என்று எண்ணுபவருக்கு 'இறக்கும் உரிமை'யைக் கொடுத்தால், நாளடைவில் அது இறந்துவிட வேண்டிய கடமையாக அவர் காதில் ஒலிக்கும். இதுவே நம் அச்சம்.

துன்பத்தின் காரணமாக எவரும் மரணத்தை விரும்பிக் கேட்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆனால் அத்தோடு நிறுத்திவிடவில்லை. கேட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வாழ்வு நன்மையாக இருக்கும் காலமெல்லாம் வாழச் செய்யுமாறும், மரணம் நன்மையாகும்போது மரணிக்கச் செய்யுமாறும் அல்லாஹ்விடம் வேண்டும் துஆவைக் கற்றுத் தந்தார்கள். மனம் உடைந்தவரை அதட்டி அடக்காமல், அவர் சொல்லக்கூடிய வார்த்தையை அவருக்கே கொடுத்த அழகிய வழிமுறை இது.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேதனையில் தவறிப்போய்த் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டவரைப் பற்றித் தீர்ப்புக் கூறும் வேலை நமக்குரியதன்று. துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் தோழர் ஒருவர் நோயின் வேதனையில் தம் விரல் மூட்டுகளை அறுத்துக்கொண்டு இறந்தார். அவருடைய கைகளுக்கும் மன்னிப்பளிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. செயல் ஹராம், ஆயினும் அல்லாஹ்வின் ரஹ்மத்தின் வாசலை அடைக்க நம் கையில் சாவி இல்லை.

சிகிச்சையை நிறுத்துவது கொலையாகுமா?

இனி, நாம் தவறிழைத்த இரண்டாம் கேள்விக்கு வருவோம்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருப்பதாகவும் கூறினார்கள். ஆகவே நோய்க்கு மருந்து செய்யாமல் இருப்பதுதான் தவக்குல் என்று எண்ணுவது தவறு. ஆனால் எல்லாச் சிகிச்சையும் எல்லா நிலையிலும் கடமையா? நம் முன்னோர்களான ஃபுகஹாக்கள் அவ்வாறு கூறவில்லை.

ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலான ஃபதாவா ஆலம்கீரியில் ஒரு நுட்பமான பாகுபாடு காணப்படுகிறது. பசிக்கு உணவும் தாகத்துக்குத் தண்ணீரும் உறுதியாகப் பயன் தரும் காரணங்கள்; உயிருக்கு ஆபத்தான நிலையில் அவற்றை விடுவது ஹராம். மருந்தோ பயன் தரும் என்று எண்ணத்தக்க காரணம் மட்டுமே. அதை விட்டதால் ஒருவர் இறந்தால் அவர் பாவியாகமாட்டார். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்வதை விரும்பத்தக்க சுன்னத் என்ற தரத்திலேயே வைக்கிறார்கள்.

வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யுமாறு வேண்டினார். பொறுமை கொண்டால் சொர்க்கம், விரும்பினால் குணமடைய துஆ என இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டு, வலிப்பு வரும்போது தம் ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆச் செய்யுமாறு கேட்டார். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இச்செய்தியில் நோயாளிக்குத் தேர்வு இருக்கிறது. கண்ணியத்தைக் குறித்த அவருடைய கவலைக்கு மதிப்பும் இருக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயில் நடந்த மற்றொரு நிகழ்வு நம் மருத்துவமனை வாசல்களில் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டியது. வீட்டார் அவர்களுடைய வாயின் ஓரத்தில் மருந்தை ஊற்றினர். வேண்டாம் என்று அவர்கள் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்தின் மீது இருக்கும் வெறுப்பே இது என்று எண்ணி வீட்டார் ஊற்றிவிட்டனர். தெளிவு வந்ததும் நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டித்தார்கள். அப்போது அங்கில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, வீட்டிலிருந்த அனைவரின் வாயிலும் அதே மருந்து ஊற்றப்பட வேண்டும் என்றார்கள். அன்பினால் செய்தவர்களே ஆயினும், நோயாளி மறுத்ததை அவர் மீது திணித்தது அங்கே கண்டிக்கப்பட்டது. இன்று "அத்தாவுக்கு என்ன தெரியும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இதில் படிப்பினை உண்டு.

நம் காலத்து அறிஞர்களும் இதனை ஆராய்ந்துள்ளனர். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1986இல் அம்மான் நகரில் கூடி, மூளையின் இயக்கம் முழுவதும் மீளாத வகையில் நின்றுவிட்டதாக நிபுணர்கள் உறுதிசெய்தால், கருவியின் உதவியால் இதயம் துடித்துக்கொண்டிருந்தாலும் அக்கருவியை எடுப்பது ஆகுமானது என்று முடிவு செய்தது. மூளைச் சாவை மரணமாகக் கொள்வதில் சில உலமாக்களுக்கு மாற்றுக் கருத்து உண்டு என்பதையும் மறைக்கலாகாது. அதே அகாடமி 1992இல் ஜித்தாவில், சிகிச்சையை விடுவதால் உயிரோ உறுப்போ அழியும் என்ற நிலையிலும் தொற்று நோயின் போதும் சிகிச்சை கடமையாகும் என்றும், தெளிந்த அறிவுடைய நோயாளியின் சம்மதம் தேவை என்றும் தீர்மானித்தது.

எனவே எல்லை தெளிவாகிறது. குணப்படுத்தும் வாய்ப்புள்ள சிகிச்சையைச் செலவுக்காகவோ சோர்வுக்காகவோ சொத்துக்காகவோ மறுப்பது பாவம். நாற்பது வயதுக்காரருக்கு நிமோனியா வந்து சில நாட்கள் வெண்டிலேட்டரில் வைத்தால் பிழைப்பார் என்ற நிலையில் அதை நிறுத்துவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. ஆனால் உறுப்புகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருக்கின்றன, இனிக் கருவி மரணத்தைத் தள்ளிப்போடுமே தவிர நோயைக் குணப்படுத்தாது என்று நேர்மையான, துறையறிந்த மருத்துவர்கள் ஒருமித்துக் கூறும்போது, அக்கருவியை விலக்குவது கொலையன்று. நோய்தான் அவரைக் கொண்டு செல்கிறது. நம் கை அன்று.

உணவும் தண்ணீரும்

இங்கே கடினமான ஓர் இடம் உண்டு. மூக்கு வழிக் குழாயில் செலுத்தப்படும் உணவு மருந்தா, உணவா? ஆலம்கீரியின் பாகுபாட்டின்படி உணவு என்றால் விடக்கூடாது. அறிஞர்களிடையே இதில் ஒரே முடிவு இல்லை. உடல் ஏற்றுக்கொள்ளும் வரை உணவையும் நீரையும் நிறுத்தக்கூடாது. இறுதி மணி நேரங்களில் உடல் ஏற்காமல், செலுத்துவதே வேதனையாகும்போது கட்டாயப்படுத்தவும் கூடாது என்பதே நம் மனம் சாயும் கருத்து.

அருணா ஷான்பாக் அவர்களின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. மும்பை கெம் மருத்துவமனையின் செவிலியரான அவர், 1973இல் நடந்த கொடிய தாக்குதலால் மூளை பாதிக்கப்பட்டு, நாற்பத்தொரு ஆண்டுகளுக்கும் மேலாகப் படுக்கையில் வாழ்ந்தார். அவருக்கு உணவளிப்பதை நிறுத்த வேண்டும் என்ற மனுவை உச்ச நீதிமன்றம் 2011இல் ஏற்கவில்லை. அவரைப் பராமரித்த செவிலியர்களே அம்மனுவை எதிர்த்தனர். தலைமுறை தலைமுறையாக அவரைத் தங்கள் சொந்தமாகக் கருதிப் பேணினர். 2015 மே மாதத்தில் நிமோனியாவால் அவர் இயற்கையாக மரணமடைந்தார். எத்தனை மதத்தவர் அவருக்கு உணவூட்டினரோ நாமறியோம். ஆனால் ஓர் உயிரை அமானிதமாகப் பேணுவது எப்படி என்பதை அவர்களிடம் நாம் கற்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 தீர்ப்பு, சுயநினைவு இழந்தால் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணத்தையும் ஏற்றது. அதன் நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டது. இப்போது இரு சாட்சிகளின் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றொப்பம் பெற்றால் போதும். தம் சார்பில் முடிவெடுக்கும் நெருங்கியவர்களின் பெயரையும் அதில் குறிப்பிடலாம். சிகிச்சையை நிறுத்துவதற்கு முன் சிகிச்சையளிக்கும் மருத்துவரும் வேறு இரு நிபுணர்களும் கொண்ட குழு ஆராய வேண்டும். பின்னர் இரண்டாவது குழு ஒன்று அதனை உறுதி செய்ய வேண்டும். நீதித்துறை நடுவருக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஒரு முஸ்லிம் இத்தகைய ஆவணத்தை எழுதலாமா? எழுதலாம் என்பதே நம் கருத்து. ஆனால் வரம்பு வேண்டும். குணமாகும் வாய்ப்புள்ள சிகிச்சையை மறுப்பதாக அது இருக்கக்கூடாது. உணவு, நீர், வலி நிவாரணம், தூய்மை ஆகியவை இறுதிவரை தொடர வேண்டும் என்று எழுத வேண்டும். கலிமா சொல்லித்தரக் குடும்பத்தார் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். வஸிய்யத்தை எழுதித் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுமாறு ஏவப்பட்ட சமுதாயம் நாம். சொத்துக்கு எழுதுகிறோம், உடலுக்கும் எழுதுவதில் வெட்கம் என்ன?

வலியை நீக்குவதும் இபாதத்

ஹராம் என்று கூறுவதோடு ஆலிம்களின் வேலை முடிந்துவிடாது. வலியில் இருப்பவருக்கு மாற்று வழியைக் காட்டுவதும் நம் கடமை. போதைப்பொருள் என்னும் அச்சத்தால் மார்ஃபின் மருந்தை மறுக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. மருத்துவர் அளவறிந்து வலிக்குக் கொடுக்கும் மருந்து நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் ஆகுமானதே. வலியைத் தாங்குவது மட்டும் ஸப்ர் அன்று. வலியோடு இருப்பவரைத் தாங்குவதும் ஸப்ர்தான்.

கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்புச் சேவை, பின்னர் மலப்புறம் உள்ளிட்ட மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று நோயாளிகளின் இல்லம் தேடிச் செல்லும் பெரும் இயக்கமாக வளர்ந்தது. நம் மாநிலத்திலும் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே நோய்த்தணிப்புச் சிகிச்சை அளிக்கும் பணி இணைக்கப்பட்டுள்ளது. நம் ஜமாஅத்துகள் கபன் துணிக்கும் சந்தூக்குக்கும் நிதி வைத்திருக்கின்றன. மௌத்துக்கு முந்தைய மூன்று மாதங்களுக்கு என்ன வைத்திருக்கின்றன? ஒரு காற்று மெத்தை, ஓர் ஆக்சிஜன் கருவி, வாரம் ஒரு முறை நோயாளியைப் பார்க்கச் செல்லும் நான்கு இளைஞர்கள் போதும், தொடங்கிவிடலாம்.

இன்னொரு துயரமும் உண்டு. பணம் தீர்ந்ததும், சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்வதாகக் கையெழுத்திட்டு நோயாளியை வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். மார்க்கத்தையும் கேட்பதில்லை, மருத்துவரிடமும் வழி கேட்பதில்லை. வலி மருந்தின்றி, மூச்சுத் திணறலுக்கு உதவியின்றி அவர் வீட்டில் துடிக்கிறார். சிகிச்சையை நிறுத்துவது வேறு, கைவிடுவது வேறு. வீட்டுக்கு அழைத்து வருவதாயின், அங்கே என்ன மருந்து, யார் வருவார், மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்று எழுதி வாங்கிய பின்னரே ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள்.

கடனையும் எண்ணுங்கள். முஃமினின் ஆத்மா அவருடைய கடன் அடைக்கப்படும் வரை தொங்கிக்கொண்டிருக்கும் என்று நபிமொழி எச்சரிக்கிறது. பயனற்றது என்று மருத்துவரே கூறிய சிகிச்சைக்காக, ஊரார் பேச்சுக்கு அஞ்சிக் கடன் வாங்கிக் குவிப்பது தந்தைக்குச் செய்யும் கண்ணியமாகாது.

இன்றே பேசுங்கள்

இவற்றையெல்லாம் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று முடிவு செய்ய இயலாது. பெற்றோர் நலமாக இருக்கும்போதே, ஒரு ஜும்ஆ நாளின் மதிய உணவுக்குப் பின் பேசுங்கள். "அத்தா, அப்படி ஒரு நிலை வந்தால் நீங்கள் என்ன விரும்புவீர்கள்?" என்று கேட்பது அபசகுனம் அன்று. மரணத்தை அதிகம் நினைவுகூருமாறு ஏவப்பட்டவர்கள் நாம். உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்கும்போது நோயின் முழு விவரத்தையும் கூறுங்கள். முடிந்தால் மருத்துவரையே அவரோடு பேச வையுங்கள். ஆலிம்களாகிய நாமும், விவரம் கேட்காமல் வாய் திறக்கக்கூடாது.

சென்ற ஆண்டு வேறொரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. இம்முறை நாம் பதில் கூறவில்லை, நேரில் சென்றோம். மருத்துவரோடு அமர்ந்து கேட்டோம். பிள்ளைகள் நால்வரும் ஒருமித்து, தங்கள் உம்மாவை வலி மருந்துகளோடு வீட்டுக்கு அழைத்து வந்தனர். ஆறாம் நாள் அஸருக்குப் பின், பேத்தியின் மடியில் தலைவைத்து, சிறிய மகன் காதருகே கலிமாவைச் சொல்ல அவர் கண் மூடினார். அந்த வீட்டிலும் அழுகை இருந்தது. ஆனால் திரைக்கு அப்பாலிருந்து நம்மிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

நம் வாழ்வை நன்மையானதாகவும், முடிவை இலகுவானதாகவும், இறுதி வார்த்தையைக் கலிமாவாகவும் ஆக்கி, நாம் அறியாமல் செய்த தவறுகளை வல்ல ரஹ்மான் மன்னிப்பானாக. ஆமீன்.